சீனாவின் வங்கிகளும் அரசு ஆலைகளும்: சீர்திருத்தச் செலவை யார் கட்டினார்கள்?

காவிரிக்கரை

கல்லூரியில் வணிகவியல் எடுக்கிறேன். இந்த வாரம் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "1990களின் கடைசியில் சீனாவின் நான்கு பெரிய அரசு வங்கிகளும் ஏறக்குறைய திவால் என்கிறீர்கள். அடுத்த பத்து வருடத்தில் அதே வங்கிகள் உலகத்திலேயே பெரியவை ஆனது எப்படி?" அரைமணி நேரம் பதில் சொன்னேன். எனக்கே நிறைவாக இல்லை. இங்கே விரிவாகப் பேசலாம் என்று இழையைத் தொடங்குகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வங்கிச் சீர்திருத்தம் ஒரு பாடம், அரசு நிறுவனச் சீர்திருத்தம் இன்னொரு பாடம் என்று பிரித்து நடத்துகிறோம். சீனாவில் இரண்டும் ஒரே நோய். நஷ்டம் ஆலையில் பிறந்தது, வங்கியின் ஏட்டில் கடன் என்ற பெயரில் வளர்ந்தது.

1978 வரை அங்கே பேருக்கு ஒரே வங்கிதான், மக்கள் வங்கி. ஆலைக்கு வேண்டிய முதலீட்டை அரசாங்கம் பட்ஜெட்டிலிருந்து கொடுக்கும், லாபம் வந்தால் எடுத்துக்கொள்ளும். அப்புறம் மக்கள் வங்கியிலிருந்தும் நிதி அமைச்சகத்திலிருந்தும் ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். விவசாய வங்கி, பேங்க் ஆஃப் சைனா, கட்டுமான வங்கி எல்லாம் 1979ஐ ஒட்டி. தொழில் வணிக வங்கி 1984இல். அதே காலத்தில் ஆலைகளுக்கான பட்ஜெட் பணத்தை வங்கிக் கடனாக மாற்றினார்கள். கடன் என்றால் பொறுப்பு வரும் என்ற எண்ணம். ஆனால் கொடுப்பதும் அரசு, வாங்குவதும் அரசு. திருப்பிக் கட்டாவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் எந்த ஆலை மேலாளருக்கும் வரவில்லை. ஹங்கேரியின் பொருளாதார அறிஞர் யானோஷ் கோர்னாய் இந்த நிலைக்கு 'மென்மையான பட்ஜெட் கட்டுப்பாடு' என்று பெயர் வைத்தார்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த ஆலை வெறும் ஆலை இல்லை. குடியிருப்பு, பள்ளிக்கூடம், மருத்துவமனை, ஓய்வூதியம் எல்லாமே அதற்குள்தான். 'தான்வெய்' என்பார்கள். அதை மூடினால் ஒரு ஊரையே மூடுகிற மாதிரி. அதனால் வங்கி அதிகாரி கையெழுத்துப் போட்ட கடனில் பெரும்பகுதி முதலீட்டுக்குப் போகவில்லை, சம்பளத்துக்குப் போனது.

பழைய காசாளர்

கடைசி வரியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, சார். 34 வருடம் வங்கியில் இருந்தேன். ஊர் பெயரும் வங்கியின் பெயரும் வேண்டாம்.

நான் கடன் பிரிவில் இருந்தபோது ஒரு நூற்பாலையின் கணக்கு எங்கள் கிளையில் இருந்தது. ஒவ்வொரு மார்ச் 31ஆம் தேதி சாயங்காலமும் ஒரே வேலை. ஆலை பெயரில் புதுக் கடன் ஒன்று பாஸ் ஆகும். அந்தப் பணம் ஆலைக்குப் போகாது. பழைய கடனின் வட்டி பாக்கியில் வரவு வைப்போம். அவ்வளவுதான், கணக்கு 'நல்ல கணக்கு' ஆகிவிடும். அந்த ராத்திரி லெட்ஜரில் நானே எழுதிய அந்தப் பச்சை மை வரி இப்போதும் கண்ணில் நிற்கிறது. ஆறு வருடம் இப்படியே ஓட்டினோம். ஏழாம் வருடம் ஆலை மூடியபோது, முதலில் கொடுத்த கடனைப் போல இரண்டு மடங்கு பாக்கி நின்றது.

ஒரு தனியார் ஆலைக்கே இப்படி என்றால், கடன் கொடுக்கச் சொல்வதே மாகாணத் தலைவராக இருக்கும் இடத்தில் கிளை மேலாளர் என்ன செய்வார்? சீனாவில் வங்கிக் கிளைகளின் நியமனத்தில் உள்ளூர்க் கட்சி நிர்வாகத்துக்கு நிறையக் கை இருந்தது என்று படித்திருக்கிறேன். சரிதானா?

காவிரிக்கரை

சரிதான் ஐயா. 1997 நவம்பரில் நிதித்துறைக்கென்று மத்தியில் தனி மாநாடு கூட்டி, அந்தப் பிடியை உடைக்கத் தொடங்கினார்கள். மக்கள் வங்கியின் மாகாணக் கிளைகளைக் கலைத்துவிட்டு, பல மாகாணங்களைச் சேர்த்துப் பார்க்கும் 9 வட்டாரக் கிளைகளை 1998இல் அமைத்தார்கள். எந்த ஒரு மாகாணத் தலைவரும் தன் சொல்லுக்கு வளைக்க முடியாதபடி.

இந்தக் காலத்துக்கெல்லாம் மையமான ஆள் ஜூ ரோங்ஜி. 1991இல் துணைப் பிரதமராக வந்ததும் அவர் கையில் கொடுத்த வேலை 'முக்கோணக் கடன்'. ஒரு ஆலை இன்னொரு ஆலைக்குப் பாக்கி, அது மூன்றாவதற்குப் பாக்கி, யாரிடமும் காசு கிடையாது. 1993 முதல் 1995 வரை மக்கள் வங்கியின் கவர்னராகவும் இருந்தார். 1998இல் பிரதமர். ஆலை நோயையும் வங்கி நோயையும் ஒரே ஆள் இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்தது சீனாவுக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு என்பேன்.

பொன்னி

அண்ணா, நான் பொருளாதாரம் படிக்காதவள். ஒரு சின்னக் கேள்வி. வங்கியிடம் பணம் இல்லை, ஆலையிடமும் இல்லை, அரசாங்கத்திடமும் அவ்வளவு இல்லை. பிறகு எதை வைத்துக் காப்பாற்றினார்கள்?

காவிரிக்கரை

சின்னக் கேள்வி இல்லை பொன்னி. இந்த இழையே அதுதான்.

முதல் படி 1998. வங்கிகள் வாங்கிய டெபாசிட்டில் 13 சதவீதத்தை மத்திய வங்கியில் கட்டிவைக்க வேண்டும் என்று விதி. அதை 8 சதவீதமாகக் குறைத்தார்கள். அப்படி விடுபட்ட பணத்தில் நான்கு வங்கிகளும் நிதி அமைச்சகம் வெளியிட்ட 27,000 கோடி யுவான் சிறப்புப் பத்திரங்களை வாங்கின. அமைச்சகம் அந்தத் தொகையை அதே வங்கிகளில் மூலதனமாகப் போட்டது. பணம் வங்கியிலிருந்து கிளம்பி ஒரு சுற்றுச் சுற்றி வங்கிக்கே வந்துவிட்டது. நம் நாட்டில் 2017 அக்டோபரில் பொதுத்துறை வங்கிகளுக்கு 1.35 லட்சம் கோடி ரூபாய் மறுமூலதனப் பத்திரம் என்று அறிவித்தார்களே, அதன் அடிப்படையும் இதேதான்.

இரண்டாவது படி 1999. நான்கு வங்கிக்கு நான்கு சொத்து மேலாண்மை நிறுவனங்கள். கட்டுமான வங்கிக்குச் சிண்டா, தொழில் வணிக வங்கிக்கு ஹுவாரோங், விவசாய வங்கிக்கு கிரேட் வால், பேங்க் ஆஃப் சைனாவுக்கு ஓரியன்ட். ஏறத்தாழ 1.4 லட்சம் கோடி யுவான் வாராக்கடனை இவை வங்கிகளிடமிருந்து எடுத்துக்கொண்டன. இங்கேதான் கவனிக்க வேண்டும். புத்தக மதிப்புக்கே எடுத்தன. 100 யுவான் கடனுக்கு 100 யுவான்.

பொன்னி

அழுகின காய்க்கு நல்ல காயின் விலையா? அப்போ அந்த நஷ்டம் எங்கே போனது?

காவிரிக்கரை

சொத்து நிறுவனங்களிடம் ஏது காசு? மத்திய வங்கியிடம் கொஞ்சம் கடன் வாங்கின. மீதிக்கு, கடனை விற்ற வங்கிக்கே பத்து வருடப் பத்திரம் எழுதிக் கொடுத்தன. வங்கி ஏட்டில் அழுகிய கடன் இருந்த இடத்தில் இப்போது வட்டி தரும் பத்திரம். சொத்து நிறுவனங்கள் ஆலைகளைத் துரத்தி, நிலத்தை விற்று, இயந்திரத்தை விற்று ரொக்கமாகத் திரட்டியது 100க்கு 20 அளவில்தான். 2009இல் பத்திரங்கள் முதிர ஆரம்பித்தபோது கட்டுவதற்குப் பணம் இல்லை. இன்னும் பத்து வருடத்துக்கு நீட்டினார்கள். பின்னால் நின்றது நிதி அமைச்சகம்.

இவ்வளவு செய்த பிறகும், 2001 முடிவில் நான்கு வங்கிகளின் கடனில் சுமார் 25 சதவீதம் வாராக்கடன் என்று அவர்களுடைய அதிகாரபூர்வக் கணக்கே சொன்னது. அந்த எண்ணைத்தான் நான் வகுப்பில் பலகையில் எழுதிக் காட்டுவேன். ஆலை மாறாமல் வங்கியை மட்டும் கழுவினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

செங்கோட்டைக்காரன்

நீங்கள் எல்லோரும் குறை மட்டும் பார்க்கிறீர்கள் என்று தோன்றுகிறது. மாற்று வழி என்ன இருந்தது? ரஷ்யாவைப் பாருங்கள். 1992இல் ஆளுக்கு 10,000 ரூபிள் முகமதிப்புள்ள, ஆலைப் பங்காக மாற்றிக்கொள்ளக்கூடிய சீட்டு கொடுத்தார்கள். விலைவாசி ஏறிய வேகத்தில் பலர் அதை வந்த விலைக்கு விற்றுவிட்டார்கள். 1995இல் 'கடனுக்குப் பங்கு' ஏலம், அதாவது அரசு நிறுவனப் பங்குகளை அடகு வைத்து வங்கிகளிடம் கடன் வாங்கியது. நோரில்ஸ்க் நிக்கலின் 38 சதவீதம் சுமார் 17 கோடி டாலருக்குப் போனது. ஏலத்தை நடத்தியதும் ஒரு வங்கி, எடுத்ததும் அதே வங்கி. உலகத்தின் பெரிய நிக்கல் நிறுவனம் ஐயா அது!

சீனா அப்படி விற்கவில்லை. பெரியதைப் பிடித்து வைத்தது, சிறியதை விட்டது. 1997இல் கட்சியின் 15ஆவது மாநாட்டில் அந்தக் கொள்கையை உறுதி செய்தார்கள். 2003இல் மத்திய அரசின் 196 நிறுவனங்களை ஒரே ஆணையத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு கடைசியில் அந்நியச் செலாவணிக் கையிருப்பிலிருந்து 4,500 கோடி டாலரை எடுத்து இரண்டு வங்கிகளில் போட்டார்கள். 2005இல் கட்டுமான வங்கி, 2006இல் பேங்க் ஆஃப் சைனாவும் தொழில் வணிக வங்கியும் பங்குச் சந்தைக்கு வந்துவிட்டன. தொழில் வணிக வங்கியின் வெளியீடு அன்றைய தேதியில் உலகத்திலேயே பெரியது. இதைத் தோல்வி என்று யார் சொல்ல முடியும்?

காவிரிக்கரை

தோல்வி என்று நான் சொல்லவில்லை. ரஷ்ய ஒப்பீட்டை முழுதாக ஏற்கிறேன். நான் கேட்பது, அந்த வெற்றிக்கு யார் பணம் கட்டினார்கள் என்று. வரவு செலவுக் கணக்கில் ஒரு பக்கம் நிமிர்ந்தால் இன்னொரு பக்கம் யாரோ குனிந்திருக்க வேண்டும்.

அதில் ஒருவர் டெபாசிட்காரர். டெபாசிட் வட்டிக்கு உச்சவரம்பு, கடன் வட்டிக்குக் கீழ்வரம்பு என்று அரசு வைத்திருந்தது. நடுவில் இருக்கும் இடைவெளி வங்கிக்கு உறுதியான லாபம். 2011ஐ எடுங்கள். விலைவாசி 5.4 சதவீதம் ஏறியது. ஓராண்டு வைப்புக்கு வட்டி 3.5 சதவீதம். மகள் கல்யாணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ சேர்த்து வைத்த சாதாரணக் குடும்பத்தின் பணம் வங்கிக்குள்ளேயே கரைந்தது. வங்கி நிமிர்ந்தது. கடன் வட்டியின் கீழ்வரம்பு 2013இலும் டெபாசிட் உச்சவரம்பு 2015இலும்தான் போயின.

இன்னொருவர் தொழிலாளி. அரசின் வெள்ளை அறிக்கைக் கணக்குப்படி 1998 முதல் 2003 வரை அரசு நிறுவனங்களில் வேலை இழந்தவர்கள் 2 கோடியே 80 லட்சத்துக்கும் மேல்.

வடக்குக் காற்று

வணக்கம். வடகிழக்குச் சீனாவின் ஷென்யாங்கில் மருத்துவம் படித்தேன். இப்போது தஞ்சாவூர்ப் பக்கம் வேலை. இந்த எண்ணைப் பார்த்ததும் ஒரு ஆள் ஞாபகம்.

ஷென்யாங்கில் தியேஷி என்று ஒரு பகுதி. பெயருக்கு ரயில்பாதைக்கு மேற்கு என்று பொருள். ஒரு காலத்தில் நாட்டின் கனரக இயந்திரத் தொழிலுக்கே இதயமாக இருந்த இடம். நாங்கள் போனபோது புகைபோக்கிகள் அநேகமாக இல்லை, அடுக்குமாடி வீடுகள்தான். நான் தங்கியிருந்த தெருமுனையில் ஒரு பெரியவர் சைக்கிளும் மின்ஸ்கூட்டரும் ரிப்பேர் பார்ப்பார். ஒரு தடவை என் சைக்கிளின் பின்சக்கரத்து பேரிங் போய்விட்டது. கழற்றிய பேரிங்கைக் கையில் உருட்டிப் பார்த்தார். பெட்டியின் அடியிலிருந்து எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தார். உள்ளே வெர்னியர் காலிப்பர். ஒரு துளி துரு இல்லை. அளந்து பார்த்துவிட்டு, புதிதாக வாங்கி வந்த பேரிங் கால் மில்லிமீட்டர் பெரியது, வேறு வாங்கி வா என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பத்து யுவான் வேலைக்கு!

போகப்போகப் பழக்கமானார். 22 வருடம் லேத் ஓட்டியவர். 1999இல் ஆலை அவரை 'ஷியாகாங்' ஆக்கியது. வேலையை விட்டு இறக்கிவிட்டார்கள், ஆனால் பெயர் மட்டும் ஏட்டில் இருக்கும். மறுவேலை மையம் ஒன்றில் மூன்று வருடம் சிறு தொகை கொடுத்தார்களாம். அப்புறம் பணிக்காலத்தை மொத்தமாக விலைபேசி, ஒரு தொகையைக் கையில் கொடுத்து முடித்தார்கள். அவர் மனைவியும் அதே ஆலை, அதே வருடம்.

பொன்னி

ஒரே வீட்டில் இரண்டு பேருக்குமா?

வடக்குக் காற்று

ஆமாம் அக்கா. ஒரே ஆலையில் குடும்பமே வேலை பார்ப்பது அங்கே வழக்கம். அதனால் அடி விழுந்தபோது வீடு மொத்தத்துக்கும் விழுந்தது.

செங்கோட்டைக்காரன்

தம்பி எழுதியதைப் படித்தேன். அந்தக் கஷ்டத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆலையை மூடாமல் இருந்திருந்தால் 2001இன் அந்த 25 சதவீதம் 50 ஆகியிருக்கும், இல்லையா? ஆலை மாறாமல் வங்கியை மட்டும் கழுவிப் பயனில்லை என்று சொன்னவரே காவிரிக்கரை சார்தான்.

காவிரிக்கரை

ஆமாம், அதிலிருந்து பின்வாங்கவில்லை. கடன் நிற்க வேண்டும், ஆலைகள் சில மூட வேண்டும். எனக்கு இருக்கும் மனத்தாங்கல் வரிசை பற்றியது. வங்கிக்கு மூலதனம் 1998இலேயே வந்துவிட்டது. நாடு தழுவிய ஓய்வூதியமும் வேலையின்மைக் காப்பீடும் அப்போது அரைகுறை. தான்வெய் கொடுத்துவந்த மருத்துவத்தையும் ஓய்வூதியத்தையும் வேறு ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டு அல்லவா ஆளை இறக்கியிருக்க வேண்டும்? 2002 மார்ச்சில் லியாவ்யாங்கிலும் தாச்சிங்கிலும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தது பாக்கிச் சம்பளத்துக்கும் ஓய்வூதியப் பிரச்சினைக்கும்தான். கேட்டது அவர்களுக்குச் சேர வேண்டிய பணத்தை.

வல்தாவா

செக் தலைநகர் பிராகிலிருந்து எழுதுகிறேன், 11 வருடமாக இங்கே. செக் கதையையும் சேருங்கள், ஏனென்றால் இங்கே கடனை நிறுத்தாமலே ஆலைகளை விற்றார்கள்.

1991இல் ஒரு சீரமைப்பு வங்கி அமைத்து, பழைய ஆட்சிக் காலத்துக் கடன்களை அதற்குத் தள்ளினார்கள். 1992இல் கூப்பன் தனியார்மயம். 1,000 கொருனா கொடுத்தால் ஒரு கூப்பன் புத்தகம், அதைக் கொடுத்து ஆலைப் பங்கு எடுக்கலாம். செக் பகுதியில் மட்டும் 60 லட்சம் பேர் அளவில் வாங்கினார்கள். எந்த ஆலை நல்லது என்று சாதாரண ஆளுக்கு எப்படித் தெரியும்? முதலீட்டு நிதிகளிடம் கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் பத்து மடங்கு தருவோம் என்று ஒரு நிதி விளம்பரம் செய்தது. அதன் தலைவர் விக்டர் கொஷெனி பிறகு பஹாமாசுக்குப் போய்விட்டார்.

மற்ற பெரிய நிதிகளில் பலவற்றை நடத்தியது யார் தெரியுமா? வங்கிகளே. அந்த வங்கிகளில் பெரிய பங்கு இன்னும் அரசிடம். ஆக, அரசு வங்கி தன் நிதி மூலம் ஆலைக்குச் சொந்தக்காரர், தன் கிளை மூலம் அதே ஆலைக்குக் கடன் கொடுத்தவர். தன் சொத்தின் விலையைத் தானே குறைத்துக்கொண்டு எந்த வங்கி ஆலையைத் திவாலாக்கும்? கடன் ஓடிக்கொண்டே இருந்தது. 2000 ஜூனில் ஐபிபி வங்கி விழுந்தபோது போலீசார் உள்ளே போய்த்தான் நிர்வாகத்தை மாற்ற வேண்டியிருந்தது. கடைசியில் அரசு பெரிய வங்கிகளை மக்களின் வரிப்பணத்தில் சுத்தம் செய்து, 1999 முதல் 2001க்குள் பெல்ஜியம், ஆஸ்திரியா, பிரான்ஸ் வங்கிகளுக்கு விற்றது.

போலந்து இதில் கெட்டிக்காரத்தனமாக நடந்தது என்பது என் எண்ணம். 1993இல் சட்டம் போட்டு, வங்கிக்கு மூலதனத்தை ஒரே தடவை கொடுத்து, வாராக்கடனை வெளியே தள்ளவிடாமல் வங்கியிடமே வைத்தார்கள். ஒவ்வொரு வங்கியும் அதற்கென்று தனிப் பிரிவு வைத்து, குறித்த தேதிக்குள் ஆலையோடு பேசி முடிக்க வேண்டும்: தவணையோ, பங்கோ, திவாலோ.

பழைய காசாளர்

போலந்து செய்ததுதான் சரி. கடன் கொடுத்தவனே வசூல் மேஜையில் உட்கார்ந்தால்தான் அடுத்த தடவை பேனாவை எடுக்கும்போது கை தயங்கும். வாராக்கடனை லாரியில் ஏற்றி வேறு நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டால், கிளையில் இருப்பவன் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

சீனாவில் மூலதனத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது உள்கட்டுப்பாடு. குவாங்டோங்கில் கைப்பிங் என்ற சின்ன ஊர். பேங்க் ஆஃப் சைனாவின் அந்தக் கிளையில் அடுத்தடுத்து வந்த மூன்று மேலாளர்கள் பல வருடமாகப் பணத்தை வெளிநாட்டுக்குக் கடத்தியிருக்கிறார்கள். 48 கோடி டாலருக்கு மேல். 2001 அக்டோபரில் வங்கி தன் கணினிகளை எல்லாம் ஒரே பின்னலில் இணைத்தது. மொத்தக் கணக்கை ஓட்டிப் பார்த்தபோது அத்தனை பணம் குறைந்தது. அதுவரை தலைமையகத்துக்குத் தெரியவில்லை. பேரேடு டாலி ஆகாத ராத்திரி எங்களுக்கெல்லாம் எப்படி இருக்கும் என்று தெரியும். 50 ரூபாய்க்கு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம்.

பொன்னி

எனக்கு இன்னும் ஒன்று விளங்க வேண்டும் அண்ணா. அந்த நான்கு சொத்து நிறுவனங்கள் வாராக்கடனை வசூல் செய்து முடித்ததும் மூடிவிட்டார்களா?

காவிரிக்கரை

பத்து வருடத்துக்கென்றுதான் தொடங்கினார்கள். மூடவில்லை. பங்கு வர்த்தகம், காப்பீடு, கடன் என்று எல்லாத் தொழிலிலும் இறங்கின. 2008 நெருக்கடிக்குப் பிறகு நாடு கடனைத் திறந்துவிட்டது. 2009 ஒரே வருடத்தில் வங்கிகள் கொடுத்த புதுக்கடன் 9.6 லட்சம் கோடி யுவான். இந்தத் தடவை ஆலைக்குப் பதிலாக உள்ளாட்சிகளின் முதலீட்டுக் கம்பெனிகளும் கட்டுமானமும் பெரிய பங்கை எடுத்துக்கொண்டன. அந்த அலையில் ஹுவாரோங்கும் போனது.

2020 கணக்கில் ஹுவாரோங் காட்டிய நஷ்டம் 10,290 கோடி யுவான். அதன் தலைவராக இருந்த லாய் ஷியாவ்மின் 178.8 கோடி யுவான் லஞ்சம் வாங்கியதாகத் தீர்ப்பாகி, 2021 ஜனவரியில் மரண தண்டனை நிறைவேறியது. அந்த வருடமே அரசு நிறுவனங்கள் சேர்ந்து 4,200 கோடி யுவான் போட்டு ஹுவாரோங்கைத் தூக்கி நிறுத்தின. வாராக்கடனை வாங்கித் தீர்க்கப் பிறந்த நிறுவனத்துக்கே வாராக்கடன். 1980களில் அந்த ஆலை மேலாளருக்கு இருந்த அதே நம்பிக்கை, அரசு விடாது என்ற நம்பிக்கை, இவர்களுக்கும் இருந்தது. கட்டிடம் மாறியது, பழக்கம் மாறவில்லை.

செங்கோட்டைக்காரன்

ஹுவாரோங் விஷயத்தில் உங்கள் பக்கம் வருகிறேன் சார். மற்றபடி 2003இல் வங்கிகளில் டாலரைப் போட்டது சரியான முடிவு என்பதில் நான் மாறவில்லை. உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்ததால் 2006 கடைசிக்குள் வெளிநாட்டு வங்கிகளுக்குக் கதவைத் திறக்க வேண்டிய கெடு இருந்தது. அந்தக் கெடுவுக்குள் வேறு எதுவும் செய்திருக்க முடியாது.

பழைய காசாளர்

கெடு இருந்ததால்தான் நடந்தது. எங்கள் நூற்பாலைக்கு அப்படி ஒரு கெடு யாரும் வைக்கவில்லை.

தஞ்சாவூர் டாக்டர் தம்பி, அந்தப் பெரியவருக்கு மொத்தமாகக் கொடுத்த பணம் என்ன ஆயிற்று என்று சொன்னாரா?

வடக்குக் காற்று

கேட்டிருக்கிறேன் ஐயா. பாதி அவருடைய அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு. ஆலை மருத்துவமனை அதற்குள் மூடியிருந்தது. மீதியை மகன் படிப்புக்கென்று ஓராண்டு வைப்பில் போட்டு, வருடா வருடம் புதுப்பித்துக்கொண்டே வந்தார். நான் கிளம்பும் முன் கடைசியாகப் பார்த்தபோது மகன் தாலியனில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டிங் பொறியாளர் என்றார். வைப்புப் பணம் எவ்வளவு ஆயிற்று என்று கேட்டேன். எழுந்துபோய்ச் சக்கரத்துக்குக் காற்றடித்துவிட்டு வந்து, "அப்போது அதில் ஒரு அறை வாங்கியிருக்கலாம், இப்போது ஒரு ஸ்கூட்டர் வாங்கலாம்" என்றார்.